அடுத்த ஹெட்ஃபோனுக்கு முன்னால் ஒரு புகார்ப் பட்டியல்

எங்கள் ஆடிட் ஆபீஸில் சேரும் பிள்ளைகள் முதல் போனஸ் கைக்கு வந்ததும் என் மேசைக்கு வந்துவிடுவார்கள். "அக்கா, ஒரு முப்பதாயிரம் இருக்கு. என்ன ஹெட்ஃபோன் எடுக்கலாம்?" என்று கேட்பார்கள். நான் மாடல் பெயர் சொல்வதில்லை. இப்போது வைத்திருப்பதில் என்ன குறை என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. "குறைன்னு இல்லக்கா, இதைவிட நல்லதா ஒண்ணு..." என்று இழுப்பார்கள்.

சிக்கலே அங்கேதான். ஆயிரம் ரூபாய் ஹெட்ஃபோனிலிருந்து எட்டாயிரம் ரூபாய் ஹெட்ஃபோனுக்குப் போனால் யார் காதிலும் வித்தியாசம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாலும் லாபம்தான். எட்டாயிரத்திலிருந்து முப்பதாயிரத்துக்குப் போவது அப்படியல்ல. அந்த விலையில் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே நன்றாகச் செய்தவை. ஆனால் ஒன்றைப் போல ஒன்று ஒலிக்காது. சென்ஹைசர் எச்டி 600, ஹைஃபைமேன் சுந்தரா, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, மூன்றுக்கும் நல்ல பெயர் உண்டு. மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டால் ஒரே பாட்டுக்கு மூன்று பேர் மிக்ஸிங் செய்த மாதிரி இருக்கும். உங்கள் குறை என்னவென்று தெரியாமல் இதில் ஒன்றை எடுத்தால், விமர்சனம் எழுதிய யாரோ ஒருவருடைய குறையைத் தீர்க்க உங்கள் காசைக் கொடுக்கிறீர்கள்.

ஆகவே கடைப் பக்கம் போவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் பழைய ஹெட்ஃபோனைப் பற்றிப் புகார் எழுதுங்கள்.

புகார் எழுதும் முறை

போனில் நோட்ஸ் திறந்து வைத்துக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளை மட்டும் கேளுங்கள். டெமோவுக்கென்றே ஊர் ஊராகச் சுற்றும் ஆங்கிலப் பாட்டுகள் வேண்டாம். அவை எந்த ஹெட்ஃபோனிலும் நன்றாகத்தான் கேட்கும். எந்த இடத்தில் முகம் சுளிக்கிறீர்களோ அந்த நிமிடத்தையும் நொடியையும் குறித்து, பக்கத்தில் உங்கள் வார்த்தையிலேயே ஒரு வரி எழுதுங்கள். "குத்துது", "மங்கலா இருக்கு", "பாட்டுக்காரர் தள்ளி நிக்கிறார்" என்று எழுதினால் போதும். விமர்சகர்களின் அருஞ்சொற்கள் தேவையில்லை.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதைக் கொஞ்சம் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பாடகியின் 'ஸ', 'ச' காதில் ஊசியாக இறங்குகிறது என்றால் தொல்லை பெரும்பாலும் 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனதும் காது கூசுகிறது என்றால் அதற்குக் கீழே, 3,000 முதல் 5,000 வரை. பாடகர் ஏதோ திரைக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தால் 1,000 முதல் 3,000 வரை பள்ளம் விழுந்திருக்கலாம், அல்லது 200 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் சதை அதிகமாகி அவரை அமுக்கிக்கொண்டிருக்கலாம். பேஸ் நிறைய இருக்கிறது, ஆனால் எந்தப் பாட்டிலும் அதே ஒரு 'டும்'தான் என்றால், 100 முதல் 200 வரை வீங்கியிருக்கிறது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை என்று பொருள்.

இன்னொரு வகைப் புகார்களும் வரும். ஒரு மணி நேரத்தில் காது மடல் வலிக்கிறது. கண்ணாடிக் காம்பு அழுத்துகிறது. அடுத்த அறையில் சீரியல் ஓடுவது கேட்கிறது. இவை ஒலியைப் பற்றியவை அல்ல என்று ஒதுக்கிவிடாதீர்கள். நான் பார்த்தவரை ஒரு ஹெட்ஃபோன் அலமாரிக்குள் போய் அங்கேயே தங்கிவிடுவதற்கு ஒலியைவிட இவைதான் அடிக்கடி காரணம்.

எதைப் போட்டுக் கேட்பது

என் சோதனைப் பாட்டு ஒரு தனி ஆவர்த்தனம். மிருதங்கம், கடம், கஞ்சிரா மூன்றும் இருக்கும் நல்ல பதிவு ஒன்று கிடைத்தால் ஹெட்ஃபோனின் ஜாதகமே தெரிந்துவிடும். மிருதங்கத்தின் இடந்தலையில் கையைத் தேய்த்து எழுப்பும் கும்கி ஒரு இடத்தில் நிற்காது, வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். மலிவான ஹெட்ஃபோனில் அந்த வழுக்கல் தெரியாது, வெறும் 'பும்' என்று முடிந்துவிடும். நல்ல ஹெட்ஃபோனில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டலாம். வலந்தலையில் விழும் சாப்புக்குப் பிறகு ஒரு ரீங்காரம் இருக்கும். அடுத்த அடி விழுவதற்குள் அது தேய்ந்து போவது கேட்கிறதா என்று பாருங்கள். கடத்தில் விரல் படுவதும் உள்ளங்கை படுவதும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். விரல் அடி மட்டும் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தால் ட்ரெபிள், அதாவது ஒலியின் மேல் பகுதி, தூக்கலாக இருக்கிறது. மூவரும் சேர்ந்து கோர்வைக்கு வரும் இடத்தில் கசகசவென்று ஆகிவிட்டால், அதுதான் தொடக்கநிலை ஹெட்ஃபோனின் எல்லை. அடுத்த படியில் காசு கொடுத்து வாங்குவதும் முக்கியமாக அந்த இடத்தைத்தான்.

தம்புராவையும் விடாதீர்கள். ஒரு நிமிடம் தம்புராவை மட்டும் கேளுங்கள். ட்ரெபிள் கரடுமுரடாக இருந்தால் சுருதி மணல் தூவின மாதிரி ஒலிக்கும்.

திரைப்பாடல் என்றால் எண்பதுகளின் பதிவு ஒன்று, தொண்ணூறுகளுக்குப் பிந்தைய டிஜிட்டல் பதிவு ஒன்று, அண்மையில் வந்த குத்துப்பாட்டு ஒன்று. எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே நடந்துகொண்டிருக்கும். அதை மட்டும் பிடித்துக்கொண்டு பாட்டின் கடைசி வரை போக முடிகிறதா? பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்த நடையில் சில ஸ்வரங்கள் மட்டும் காணாமல் போய்த் திரும்பி வந்தால் உங்கள் ஹெட்ஃபோன் அங்கே இறங்கவில்லை. குத்துப்பாட்டில் பறையும் தவிலும் சிந்தெசைஸர் பேஸும் ஒன்றாக வரும்போது பாடகரின் சொற்கள் புரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

பழைய ரேடியோ கச்சேரிகளை யூட்யூபில் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நல்ல ஹெட்ஃபோன் அந்தப் பதிவை அழகாக்காது. டேப்பின் இரைச்சலும், யாரோ சத்தம் குறைக்கிறேன் என்று கழுவி வைத்த தடமும் இன்னும் தெளிவாகக் கேட்கும். உங்கள் கேட்பில் முக்கால் பங்கு அதுதான் என்றால் மேலும் கூர்மையான ஹெட்ஃபோன் வேண்டாம், மென்மையானதைத் தேடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஈக்யூ

இதைச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது. ஈக்யூ போடுவது, அதாவது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் மென்பொருளில் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது, ஏதோ ஏமாற்று வேலை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அது சட்டை தைப்பதற்கு முன் அளவு எடுப்பது மாதிரி. பழைய ஹெட்ஃபோனை வைத்துக்கொண்டே உங்கள் காதுக்கு என்ன வேண்டும் என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம்.

விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள், அதன் மேல் பீஸ் என்ற முகப்பு. ஆண்ட்ராய்டில் வேவ்லெட், அல்லது பவர்ஆம்ப் ஈக்வலைசர். இவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டு புகார்ப் பட்டியலை எடுங்கள். 'ஸ' குத்துகிறது என்று எழுதினீர்களா? 8,000 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் குறைத்துவிட்டு இரண்டு நாள் கேளுங்கள். சரியாகப் போனால் உங்களுக்கு ட்ரெபிள் தணிந்த ஹெட்ஃபோன்தான் வேண்டும். பேயர்டைனமிக் டிடி 990 எவ்வளவு மலிவாக வந்தாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம், அது சரியாக அந்த வட்டாரத்தில்தான் தலை தூக்கி நிற்கும். பேஸ் போதவில்லையா? 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் 4 டெசிபல் உயர்த்துங்கள். ஒரு விஷயம்: எதை உயர்த்தினாலும் அதே அளவுக்கு ப்ரீஆம்ப் என்று இருக்கும் மொத்த அளவைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் உச்சத்தில் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும், நீங்கள் பாவம் ஹெட்ஃபோனைத் திட்டுவீர்கள்.

கையால் திருகப் பொறுமையில்லாதவர்களுக்கு ஆட்டோஈக்யூ இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஹெட்ஃபோன்களுக்கு அளவெடுத்த தரவிலிருந்து திருத்தங்களைக் கணக்கிட்டுத் தருவது அது. வேவ்லெட்டில் உங்கள் மாடல் பெயரைத் தேர்ந்தெடுத்தாலே அந்தத் திருத்தம் வந்துவிடும். அது குறிவைக்கும் வளைவு பெரும்பாலும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழு செய்த ஆய்விலிருந்து வந்தது. நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் தருகிற சமநிலையைத்தான் பெரும்பாலான கேட்பவர்கள் ஹெட்ஃபோனிலும் விரும்புகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். பெரும்பாலானவர்கள் என்றால் நீங்கள் என்று அர்த்தமில்லை. எனக்கு அந்த வளைவில் பேஸ் கொஞ்சம் அதிகம். கர்நாடக இசைதான் என் முக்கால்வாசிக் கேட்பு, அதில் கீழே அவ்வளவு சாமான் இல்லை.

ஈக்யூ போட்டதும் புகார் எல்லாம் தீர்ந்துவிட்டதா? அப்படியானால் வாங்காதீர்கள். சிரிக்க வேண்டாம், எங்கள் ஆபீஸில் இரண்டு பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர் அந்தக் காசுக்கு நல்ல நாற்காலி வாங்கினார். தீராமல் மிஞ்சும் புகார்தான் உங்கள் அடுத்த ஹெட்ஃபோனின் வேலை. கோர்வையில் கசகசப்பு, சத்தம் கூட்டினால் பேஸ் உடைவது, இடது வலது சமமில்லாமல் பாடகர் ஒரு பக்கம் சாய்வது, காது வலி, வெளிச் சத்தம், இவற்றை ஈக்யூ தொடாது.

ஃபேனும் வியர்வையும்

வெளிநாட்டு விமர்சனங்களில் இந்த அத்தியாயம் இருக்காது. ஓப்பன் பேக் என்றால் ஓடு திறந்திருக்கும் ஹெட்ஃபோன், காற்றும் ஒலியும் உள்ளே வெளியே போய்வரும். ஒலி விரிந்து, தலைக்குள் அடைபடாமல் இருக்கும். நடுத்தர விலையில் பேர் வாங்கியவை பெரும்பாலும் இந்த வகைதான். அமைதியான, குளிர்ந்த, ஜன்னல் சாத்திய அறையை மனதில் வைத்துச் செய்தவை.

நம் வீட்டில் தலைக்கு மேலே ஃபேன் ஐந்தாம் நம்பரில் ஓடுகிறது. அந்த இரைச்சல் ஓப்பன் பேக்கில் தடையில்லாமல் உள்ளே வரும். தம்புரா, ரீங்காரத்தின் தேய்வு, மெல்லிய ஸ்வரங்கள் என்று எதற்காகக் காசு கொடுத்தீர்களோ அதைத்தான் முதலில் அது விழுங்கும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் நேரத்தில், வழக்கமாக உட்காரும் இடத்தில், எதையும் காதில் போடாமல் கண்ணை மூடி ஐந்து நிமிடம் இருங்கள். ஃபேன், குக்கர் விசில், தெருவில் போகும் தண்ணீர் லாரி, பக்கத்து வீட்டு டிவி, என்னென்ன கேட்கிறதோ எல்லாம் ஓப்பன் பேக்கிலும் கேட்கும். அதை மறைக்க நீங்கள் வால்யூமைக் கூட்டுவீர்கள். கூட்டினால் உங்கள் பாட்டு வீட்டாருக்குக் கேட்கும். இரவு பத்து மணிக்கு மேல் ஃபேனை இரண்டில் வைத்துக் கேட்கும் வழக்கம் எனக்கு இருப்பதால் ஓப்பன் பேக் ஒத்துவந்தது. பகலில் கேட்பவர்கள், குழந்தை தூங்கும் அறையில் கேட்பவர்கள் ஓடு மூடிய க்ளோஸ்டு பேக்கைப் பாருங்கள்.

வியர்வைக்கு வருவோம். செயற்கைத் தோல் பேட் சித்திரை மாதத்தில் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெல்வெட் மாதிரியான துணி பேட் கொஞ்சம் தேவலாம். டிடி 770 ப்ரோவில் 32 ஓம் (மின்தடையின் அளவு) வகைக்குத் தோல் மாதிரியான பேட், 80 ஓம், 250 ஓம் வகைகளுக்குத் துணி பேட் வரும். நான் 80 ஓம் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், க்ளோஸ்டு பேக்கில் பேட் கன்னத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்தினால்தான் பேஸ் வரும். தடித்த கண்ணாடிக் காம்பு, ஜிமிக்கி, காதோரம் அடர்ந்த முடி எல்லாம் அந்தப் பொருத்தத்தைக் கெடுக்கும். "பேஸே இல்லை" என்று திருப்பி அனுப்புவதற்கு முன் தோட்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சரி, எது?

நான் ஃபிலிப்ஸ் எஸ்எச்பி9500-லிருந்து சென்ஹைசர் எச்டி 600-க்கு வந்தேன். ஃபிலிப்ஸைக் குறை சொல்ல மாட்டேன். அந்த விலைக்கு அவ்வளவு விரிவாக ஒலிப்பது அபூர்வம், போனிலேயே சுலபமாக ஓடும். என் புகார் இரண்டு: வயலின் மேலே போனால் கூசியது, குரல் மெலிந்து ஒலித்தது. எச்டி 600 இரண்டையும் தீர்த்தது. 1997-ல் வந்த மாடல் இன்னும் உற்பத்தியில் இருக்கிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை. மனிதக் குரலை அதன் இடத்தில் வைக்கும் விஷயத்தில் இந்த விலையில் எனக்கு வேறு ஒன்று பிடிக்கவில்லை. கேபிள், பேட், தலைப்பட்டையின் பஞ்சு என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். குறைகள் இல்லாமல் இல்லை. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாக மெலிந்துபோகும், ஈக்யூவில் ஏற்றினாலும் ஓரளவுக்கு மேல் தாங்காது. ஒலி விரிவு சுமார். புதிதில் தலையை இடுக்கிப் பிடிக்கும். பெட்டிக்கே மாட்டி நாலைந்து இரவு வைத்திருந்தால் இளகும். எச்டி 650 இதற்குத் தம்பி, கொஞ்சம் கதகதப்பு கூடுதல், மற்றபடி அதே வீட்டுப் பிள்ளை.

என் தம்பி மிருதங்கம் வாசிப்பவன். அவனுக்கு எச்டி 600 பிடிக்கவில்லை. "அக்கா, இதுல தொப்பி சத்தமே வரலை" என்று பத்து நிமிடத்தில் கழற்றி வைத்துவிட்டான். தொப்பி என்றால் அந்த இடந்தலைதான். அவன் எடுத்தது ஹைஃபைமேன் சுந்தரா. அது ப்ளேனர் வகை. வழக்கமான டயாஃப்ரமுக்குப் பதிலாக, மின்தடம் பதித்த மெல்லிய படலம் காந்தங்களுக்கு முன்னால் மொத்தமாக அசையும். அதனால் கீழ்ப்பகுதி ஆழமாகவும் உடையாமலும் வரும், அடி விழுந்ததும் சட்டென்று நிற்கும். கும்கியின் வழுக்கல் எச்டி 600-ஐவிட அதில் நன்றாகத் தெரியும் என்று நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடை 370 கிராமுக்கு மேல், எச்டி 600 ஏறத்தாழ 260. கழுத்து வலி இருப்பவர்கள் யோசிக்கவும். குரலும் எச்டி 600-ல் போல நெருங்கி வராது, ஒரு அடி தள்ளி நிற்கும். அவ்வளவு செலவழிக்க மனமில்லை, ப்ளேனர் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றால் அதே நிறுவனத்தின் எச்இ400எஸ்இ இருக்கிறது. விலையில் அது தொடக்கநிலையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

க்ளோஸ்டு பேக் தேவைப்படுபவர்களுக்கு டிடி 770 ப்ரோ. ஜெர்மனியில் ஹைல்ப்ரான் ஊரில் செய்வது, தடிமாடு மாதிரி உழைக்கும். பேஸும் ட்ரெபிளும் இரண்டு பக்கமும் தூக்கல், நடுவில் குரல் சற்றே பின்வாங்கும். 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஈக்யூவில் கொஞ்சம் தணித்துக்கொண்டால் திரைப்பாடலுக்கு அருமை. இதன் பழைய வகையில் கேபிள் கழற்ற முடியாது என்பது ஒரு எரிச்சல். ஆடியோ-டெக்னிகாவின் ஏடிஎச் எம்50எக்ஸை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வெளியே எடுத்துப்போக நல்லது, மடங்கும். ஆனால் ஏற்கெனவே எம்40எக்ஸ் மாதிரி ஒன்று வைத்திருப்பவர் அதற்குப் போவது படியேறுவது ஆகாது, அதே படியில் இடம் மாறி உட்காருவது.

சென்ஹைசர் எச்டி 560எஸ் நடுவில் நிற்கிற பிள்ளை. பேஸ் எச்டி 600-ஐவிடக் கீழே இறங்கும், எடை குறைவு, விலையும் குறைவு. ட்ரெபிள் மட்டும் சற்றே வெளிச்சம். புகார்ப் பட்டியலில் 'குத்துது' என்ற சொல் இல்லாதவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

ஆம்ப் வேண்டுமா?

இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. ஹெட்ஃபோனுக்கு ஒதுக்கிய காசில் பாதியை ஆம்புக்கு, அதாவது ஒலி சிக்னலைப் பெருக்கும் கருவிக்கு, கொடுத்துவிட்டு, அதே பழைய ஹெட்ஃபோனை அதில் செருகி வித்தியாசம் தேடுவார்கள். நாலு வரிக் கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும்.

எச்டி 600-ன் மின்தடை 300 ஓம், 1 மில்லிவாட்டுக்கு ஏறத்தாழ 97 டெசிபல் தரும். ஆப்பிள் விற்கும் சின்ன டைப்-சி டாங்கிள் (போனில் செருகி அதில் ஹெட்ஃபோனை மாட்டும் இணைப்பு) ஏறத்தாழ 1 வோல்ட் தரும் (ஐரோப்பாவில் விற்பது அதில் பாதி). வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் 3.3 மில்லிவாட். அது 5 டெசிபல் கூடுதல், ஆக உச்சத்தில் 102. சுந்தராவுக்கு 37 ஓம், 94 டெசிபல். அதே டாங்கிளில் 27 மில்லிவாட், ஆக 108. திரைப்பாடலுக்கு இரண்டுமே ஏராளம். ஆனால் பழைய கச்சேரிப் பதிவுகள் தாழ்ந்த அளவில் இருக்கும், அவற்றுக்கு 102 சற்றே இழுபறி. 2 வோல்ட் தரும் டாங்கிள் ஒன்று போட்டால் 6 டெசிபல் கூடும், கதை முடிந்தது. ஈக்யூவுக்காக ப்ரீஆம்பைக் குறைப்பவர்களுக்கும் அந்த 6 டெசிபல் உதவும். சில ஆண்ட்ராய்டு போன்களில் ஆப்பிள் டாங்கிள் முழு வோல்ட்டைத் தருவதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

மேசையில் வைக்கும் ஆம்ப் வாங்கினால் அதன் வெளியீட்டு மின்தடையைப் பாருங்கள். ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் பிரச்சினையில்லை. எச்டி 600-ன் மின்தடை 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் 500 ஓம் வாக்கில் ஏறும். வெளியீட்டு மின்தடை அதிகமான சில வால்வ் ஆம்ப்களில் அந்த இடம் வீங்கிக் கதகதப்பாகக் கேட்பது அதனால்தான். பிடித்திருந்தால் கேளுங்கள், ஆனால் அது ஈக்யூவில் இலவசமாகக் கிடைக்கும் கதகதப்பு. ப்ளேனரில் மின்தடை ஏறி இறங்காது, எனவே அங்கே அதுவும் நடக்காது. விலையுயர்ந்த கேபிளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நீளம் போதுமா, சட்டையில் உரசினால் சத்தம் வருகிறதா, இரண்டே கேள்விதான்.

வாங்கும்போது

கேட்டுப் பார்த்து வாங்கும் வாய்ப்பு நம் ஊர்களில் குறைவு. சென்னையைச் சேர்ந்த ஹெட்ஃபோன் ஸோன் மாதிரி இதற்கென்றே இருக்கும் ஆன்லைன் கடைகள் வந்த பிறகு இந்திய வாரண்டியோடு வாங்குவது சுலபமாகியிருக்கிறது. சிங்கப்பூரில் உறவினர் இருந்தால், போகும்போது கோல்மன் ஸ்ட்ரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்துக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். ஆடியோ கடைகளுக்குப் பேர்போன இடம். உங்கள் தனி ஆவர்த்தனத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு போங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் சுங்கவரியையும் சேர்த்துக் கூட்டிவிட்டு விலையை ஒப்பிடுங்கள், வாரண்டி இங்கே செல்லுமா என்றும் எழுத்தில் கேளுங்கள்.

பழையது வாங்கத் தயங்க வேண்டாம், உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் சீக்கிரம் கெடுவதில்லை. பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஸ்வீப் ஒலி ஒன்றை மெல்லிய சத்தத்தில் போட்டு, எங்காவது 'ர்ர்ர்' என்று அதிர்கிறதா என்று கேட்பது. பல நேரம் அது டிரைவர் கோளாறாக இருக்காது, உள்ளே போன ஒற்றை முடியாக இருக்கும். பேட்டைக் கழற்றிப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது, மோனோ பேச்சு ஒன்றைப் போட்டு அது நட்டநடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது. சாய்ந்தால் ஹெட்ஃபோனைத் திருப்பிப் போடுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் ஹெட்ஃபோனிலோ போனிலோ குறை, மாறாவிட்டால் உங்கள் காதில். மூன்றாவது பேட். சப்பையாகப் போன பேட்டில் டிரைவர் காதுக்கு நெருங்கிவிடும், ஒலியே மாறிவிடும். புது பேட் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

வந்த பிறகு

முதல் இரண்டு வாரம் ஈக்யூ எதுவும் வேண்டாம், பழையதையும் எடுக்க வேண்டாம். 'பர்ன்-இன்' என்று இரவெல்லாம் ஓடவிடச் சொல்வார்கள். பெரும்பாலும் இளகுவது பேட், பழகுவது உங்கள் காது. அதற்கு நீங்கள் போட்டுக்கொண்டு கேட்டால்தான் ஆகும், மேசை மேல் அது தனியாகப் பாடிக்கொண்டிருந்து பயனில்லை.

பிறகு பழையதோடு ஒப்பிடுங்கள், ஆனால் சத்தத்தைச் சமப்படுத்திவிட்டு. சற்றே உரக்கக் கேட்பது நல்லதாகத் தோன்றும், 1 டெசிபல் வித்தியாசமே காதை ஏமாற்றப் போதும். பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சலை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே அளவில் கேட்கும் வரை வால்யூமைத் திருத்திக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்தப் புகார்ப் பட்டியலை எடுத்து, குறித்து வைத்த நிமிடங்களை மட்டும் கேளுங்கள். முதல் புகார் தீர்ந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். தீரவில்லை என்றால், மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி அனுப்பும் தேதி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, சுத்தமான ஒலி உரக்க இருப்பது தெரியாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 86-க்குப் போனால் வாரம் 10 மணிதான். வீட்டில் யாராவது சாதாரணக் குரலில் உங்களைக் கூப்பிட்டு, ஓப்பன் பேக்கிலும் அது காதில் விழவில்லை என்றால் குறையுங்கள்.

பேட்டை மாதம் ஒருமுறை கழற்றி, ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். துணி பேட்டை மிதமான சோப்புத் தண்ணீரில் அலசலாம், ஆனால் முழுதும் காயாமல் மாட்டக் கூடாது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்ட டப்பாவில் வைத்தால் பஞ்சு சீக்கிரம் உதிராது. எச்டி 600 மாதிரி துணி பேட்கள் தினசரி உபயோகத்தில் ஓரிரு வருடத்தில் சப்பையாகும். வாங்கும்போதே ஒரு ஜோடி கூடுதலாக எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் ஸ்டாக் இல்லை என்று அலைய வேண்டாம். பழைய ஹெட்ஃபோனை உடனே விற்காதீர்கள். ஜூம் மீட்டிங்குக்குப் புதியதை எடுக்கும் கை, பழையது பக்கத்தில் இருந்தால் அதை எடுக்கும்.